கடல்நாய்ப் பெண்ணின் தோல்

ஸ்கூட்டரை நிறுத்த நான் இடம் தேடிக்கொண்டிருந்தபோதே அந்தச் சாம்பல் நிறக் கார் எங்களைக் கடந்து வெளியே போனது. கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் நீண்டு டீச்சருக்கு டாட்டா காட்டியது. அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

"அவன்தானே?" என்றார் டீச்சர் பின்சீட்டிலிருந்து. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அவரேதான். எனக்கு முன்னால் டீச்சரிடம் உதவியாளராக இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். அவர் பெயரை என் வாயால் சொல்வதில்லை என்று ஒரு வைராக்கியம். முன்னவர் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

"நமக்கு முன்னாடியே வந்து பார்த்துட்டும் போயிட்டான் பாரு, என்ன ஒரு சுறுசுறுப்பு."

"அவர்கிட்ட கார் இருக்கு டீச்சர். நம்ம ஸ்கூட்டர் மேடு வந்தா நீங்க இறங்கி நடக்கணும்."

"என்கிட்ட இருந்தப்போ சைக்கிள்ல வருவான். அப்பவும் சீக்கிரமே வந்துடுவான்."

டீச்சர் பூகோளம் நடத்தியவர். கரும்பலகையில் ஆறுகளை வரைந்துகொண்டே, பின்பெஞ்சில் விசில் அடித்தது யார் என்று திரும்பாமல் சொன்னவர். ஓய்வு பெற்றபின் அந்தத் திறமையை வீணாக்க மனமில்லாமல் துப்பறிய வந்துவிட்டார். வகுப்பறைப் பழக்கம் மட்டும் போகவில்லை. நான் கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். எனக்கு 'வாலு' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைக் கண்காட்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள். வாசலில் காமிராவும் கையுமாக ஒரு கும்பல். "தோல் கிடைச்சுதா, தோல் கிடைச்சுதா?" என்று எங்களைப் பிடித்துக்கொண்டது. தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். உலகத்தில் எந்தெந்த ஊரில் எதையெதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்களோ அத்தனையும் அங்கே நின்றது. சாம்பலிலிருந்து பாதி எழுந்த நெருப்புப் பறவை. ஏறியவனை ஆற்றுக்குள் இழுத்துப் போகும் தண்ணீர்க் குதிரை. ரத்தம் குடிக்கும் காட்டேரி ஒன்று தரையில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது.

"வாசல்ல தானியத்தைக் கொட்டிட்டா அது எண்ணி முடிக்காம உள்ள வராது," என்று விளக்கினார் எங்களைக் கூப்பிட்ட அம்மாள்.

"நல்ல பேய். என் மச்சானுக்கு இதுல பாதிப் பொறுமை இருந்தா..."

"கையைத் தூக்கு," என்றார் டீச்சர்.

அந்த அம்மாள்தான் இந்த உருவங்களுக்கு உடலும் முகமும் செய்கிற சிற்பி. நகக்கண்ணில் எல்லாம் காய்ந்த சுண்ணம். உருவங்களுக்குத் தோலும் முடியும் இறகும் போடுவது அவருடைய தங்கை. பக்கத்தில் கண்காட்சிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார்.

"இதோ, இந்தப் பேயோட தோல்தான் போயிடுச்சு," என்றார் அவர்.

"பேய் இல்ல," என்றார் அக்கா. "கடல்நாய்ப் பெண்."

கூடத்தின் நடுவில் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு பாறை. பாறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வாசல் பக்கம் வரும் யாரையோ பார்க்கிற மாதிரி. கூப்பிட்டால் 'என்ன?' என்று கேட்டுவிடுவாள் போலிருந்தது. அவள் மடிக்குப் பக்கத்தில் பாறை வெறுமையாக இருந்தது.

"குளிர் நாட்டுக் கரையில சொல்ற கதை," என்றார் அக்கா. "கடல்நாய் கரைக்கு வந்து தோலைக் கழட்டி வெச்சா பொண்ணாயிடும். திரும்பப் போட்டுக்கிட்டாத்தான் கடலுக்குப் போக முடியும். எவனாவது தோலை ஒளிச்சு வெச்சுட்டா அவனோடேயே குடும்பம் நடத்தணும். இன்னைக்கு மத்தியானம் வெளிநாட்டு அருங்காட்சியகத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. இவளைப் பார்க்கத்தான். பிடிச்சிருந்தா எங்க ரெண்டு பேருக்கும் அங்க வேலை. தோல் இல்லன்னா இவ யாரோ ஒரு பொண்ணு, கால் வலிச்சு உட்கார்ந்திருக்கா. அவ்வளவுதான்."

"நான் இதை எடுத்துடப்போறேன்," என்றார் கண்காட்சிக்காரர். "பாதிப் பேயை எப்படிக் காட்டறது?"

டீச்சர் அக்காவையே பார்த்தார். "தோல் எப்படி இருக்கும்?"

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "முதுகுல கருஞ்சாம்பல். பக்கவாட்டுல மழை மேகம். வயித்துப் பக்கம் வர வர வெளுத்துக்கிட்டே போகும். எங்க ஒரு நிறம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குதுன்னு சொல்லவே முடியாது. ஒவ்வொரு முடியா ஊசியால ஏத்தினது. தையலைத் தேடினாலும் கிடைக்காது. தண்ணி மட்டும் படக்கூடாது, சாயம் இறங்கிடும். எங்க கிடக்குதோ. ஒரு வருஷம் தைச்சா என் தங்கச்சி. எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க."

"நேத்து சாயங்காலம் பூட்டும்போது இருந்ததா?"

"இருந்தது. காலைல இல்ல. எங்க மூணு பேர்கிட்டயும் சாவி இருக்கு. பின்கதவுல பூட்டு சரியில்ல."

"வெளியாள் வேலைன்னு அவர் சொல்லிட்டாரே," என்று குறுக்கே வந்தார் கண்காட்சிக்காரர். அவர் என்றால், இவர் கூப்பிட்டு வந்த முன்னவர். "தடத்தைப் பார்த்ததுமே சொல்லிட்டார். எனக்குப் போட்டியா இன்னொருத்தன் கண்காட்சி போடறான். அவன் குடோனுக்குத்தான் இப்பப் போயிருக்கார்."

"பார்த்தியா, நிமிஷத்துல ஒரு முடிவு," என்றார் டீச்சர் என்னிடம். என் காது சூடாகியது.

மணலில் ஒரே ஒரு வரிசைக் காலடித் தடம். பெரிய வெறுங்கால். விரல்கள் பாறையைப் பார்த்து இருந்தன. யாரோ மணலில் நடந்து கடல்நாய்ப் பெண்ணிடம் வந்திருக்கிறார்கள் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னாலுள்ள பலகைமேல் ஏறிப் போயிருப்பான் என்பது முன்னவரின் முடிவு.

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பரீட்சையில் காப்பியடிக்கிறவனைத் தேடுகிற அதே நடை. கூடத்தின் ஓரத்தில் செம்பட்டை முடியும் பெரிய பாதங்களுமாகக் குட்டையாக ஓர் உருவம் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"காட்டுக் காவலன்," என்றார் அக்கா. "மழைக்காட்டுல வேட்டைக்கு வர்றவனை வழி தப்ப வைக்கும். பாதம் ரெண்டும் பின்பக்கமாத் திரும்பியிருக்கும். அது போன திசைக்கு எதிர்த்திசையிலதான் தடம் காட்டும்."

"பாதத்தைக் கழட்ட முடியுமா?"

"ரப்பர்தான். வண்டியில ஏத்தறதுக்காகக் கழட்டி மாட்டற மாதிரி செஞ்சேன்."

"வாலு, கழட்டு."

கழற்றினேன். உள்ளங்காலில் மணல் ஒட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவசரமாகக் கையைத் தூக்கினேன்.

"சொல்லு."

"அப்ப தடம் வரலை டீச்சர், போகுது. விரல் பாறையைப் பார்த்து இருந்தா, இந்தக் காவலன் தோலை எடுத்துக்கிட்டு வெளியே நடந்து போறான்னு அர்த்தம். உங்க சுறுசுறுப்பானவர் தடத்தைத் தலைகீழாப் படிச்சுட்டு ஊரோட அந்தக் கோடிக்குப் போயிருக்கார்."

"ரொம்ப சந்தோஷப்படாதே. மேல யோசி." அக்காவும் கண்காட்சிக்காரரும் கேட்காதபடி என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "திருடினவன் தடத்தை அழிப்பான். இங்க இல்லாத தடத்தை உண்டாக்கியிருக்காங்க. அதுவும் பொய்த் தடம் போடும்போதுகூட அந்தக் காவலனைத் தப்பா நடக்க வைக்க மனசு வரலை. வெளியாளா இருந்தா விரலை வாசல் பக்கம்தானே வெச்சிருப்பான்?"

"கண்காட்சிக்காரர்?"

"அவருக்கு எல்லாமே பேய். எந்தப் பேய்க்குக் கால் எந்தப் பக்கம்னு அவருக்கு என்ன தெரியும்? மிச்சம் ரெண்டு பேர்."

"பறிகொடுத்தவ தங்கச்சி. அப்ப அக்காதான். இவ்வளவு உருகும்போதே நெனச்சேன்."

டீச்சர் பக்கத்து அறையைக் காட்டினார். "போய் அந்தப் பொண்ணுக்கு ஒரு டீ குடுத்துட்டு வா. பேச்சுக் குடுக்காதே. அவ பேசறதை மட்டும் கேளு."

தங்கை பக்கத்து அறையில், தையல் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல் நுனிகளில் ஊசி ஏறிய கருப்புப் புள்ளிகள். கண் சிவந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே காமிராக்காரர் ஒருவர் தோலின் நீளம் என்ன, எதனால் செய்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். டீயைக் கொடுத்தேன். தொடவில்லை.

"அக்கா தோலைப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னா?"

"பக்கவாட்டுல மழை மேகம் மாதிரின்னு சொன்னாங்க. தையலைத் தேடினாலும் கிடைக்காதுன்னாங்க."

"அப்படியா சொன்னா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டீ ஆறிப்போனது.

நான் திரும்பி வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். டீச்சர் தலையை ஆட்டினார். "வாலு, இந்த விஷயத்துல என்னைவிட உனக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி. நீயே சொல்லு."

"எந்த விஷயத்துல?"

"பொறாமைல."

சுருக்கென்று தைத்தது. மறுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குப் போன மாதத்துச் சங்கதி ஒன்று ஞாபகம் வந்தது. முன்னவர் ஏதோ பெரிய வழக்கை முடித்த செய்தி பேப்பரில் வந்து, டீச்சர் அதைக் கத்தரித்து அலமாரியில் ஒட்டிய நாள் அது. மறுநாள் நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. போன் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைத் தேட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நான் கையைத் தூக்கினேன். டீச்சரின் காதில் ஒரு வார்த்தை சொன்னேன்.

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடுக்கூடத்துக்குப் போனார். "எல்லாரும் கொஞ்சம் வாங்க. தங்கச்சியையும் கூப்பிடுங்க. கூடம் முழுக்கத் தேடியாச்சா?"

"எல்லா இடமும்," என்றார் கண்காட்சிக்காரர். "ராட்சசப் பல்லி வயித்துக்குள்ள கூடக் கையை விட்டுப் பார்த்துட்டோம்."

"அந்த மூலை?"

அங்கே ஒரு தடுப்புக்குப் பின்னால் கொண்டைப் பாம்பு இருந்தது. தலையில் சேவல் கொண்டை, கண்ணால் பார்த்தே ஆளைக் கொல்லுமாம். நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும் என்பது கதை.

"அங்கேயும் பார்த்தோமே."

"எப்படிப் பார்த்தீங்கன்னு காட்டுங்க."

கண்காட்சிக்காரர் ஆணியில் தொங்கிய கைக்கண்ணாடியை எடுத்தார். தடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். "இப்படித்தான். ஒண்ணும் இல்ல."

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "கண்ணு பொருத்தின அன்னைக்கு விளையாட்டா ஆரம்பிச்சோம். அப்படியே பழகிப்போச்சு. இப்ப யாருமே நேரா பார்க்கறதில்ல. தரை பெருக்கறதுகூடத் திரும்பி நின்னுதான்."

"அப்ப கண்ணாடியில தெரியற முன்பக்கம் மட்டும்தான் தேடியிருக்கீங்க."

இவ்வளவு படித்த நான் அந்த மூலையை நேராக எட்டிப் பார்த்திருக்கலாம். கால் என்னவோ தானாகவே திரும்பிக்கொண்டது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து விடியற வரைக்கும் மழை," என்று மெதுவாகப் பேசினார் டீச்சர். "தண்ணி பட்டா சாயம் இறங்கற தோலை, அதோட அருமை தெரிஞ்சவங்க வெளியே கொண்டு போயிருக்க மாட்டாங்க. சரி, அதை அப்புறம் பார்ப்போம். அந்த மூலை ஒரே புழுதியா இருக்கு. வெளிநாட்டு அம்மா வர்ற நேரம். வாலு, அந்தத் தூண்கிட்ட இருக்கற வாளித் தண்ணியை அங்க ஊத்திக் கழுவி விடு. பாம்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது, ஃபைபர்தான்," என்றார் அக்கா.

நான் வாளியைத் தூக்கினேன். நிறையத் தண்ணீர். தடுப்பைத் தாண்டி ஒரு வீச்சு வீசப் போனேன்.

"வேண்டாம், அங்க ஊத்தாதீங்க."

குறுக்கே வந்து என் கையைப் பிடித்தது தங்கை. வாளி ஆடி அவர் புடவைக் கொசுவம் நனைந்தது. அவர் கவனிக்கவில்லை. கண்ணாடியும் இல்லாமல், திரும்பியும் நிற்காமல் நேராகத் தடுப்புக்குள் ஓடினார். பாம்பின் சுருளுக்குப் பின்னாலிருந்து வெள்ளைத் துணி சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். துணி விலகியது. மடிக்காமல், மடிப்பு விழாதபடி சுருட்டி வைத்திருந்தார். கருஞ்சாம்பல், மழை மேகம், வெளுப்பு. அக்கா சொன்னது ஒன்றும் கூடுதல் இல்லை.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயா?"

"நான்தான்," என்றார் தங்கை. "ஒரு வருஷம் தைச்சேன்க்கா. ஒரு வாரமா ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாரும் முன்கூட்டியே பார்க்க வந்தாங்களே, என்ன சொன்னாங்க? என்ன முகம், என்ன உயிர், இந்த முகத்தைச் செஞ்ச கை எதுன்னு கேட்டு உன் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. ஒருத்தர் குடையைத் தோல்மேல வெச்சுட்டு முகத்தைப் பார்த்தார். என் கண்ணு முன்னாடி. நீயும் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டு இருந்தே."

"நான் அந்தக் குடையைப் பார்க்கலடி."

"பார்க்கலைன்னுதான் சொல்றேன். எனக்கு உன்மேல பொறாமையா இருந்தது. ராத்திரி தூக்கம் வரலை. உன் முகத்தை உடைச்சுப் போட்டுடலாமான்னுகூட நெனச்சேன். கை வரலை." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இருந்த தோலை யாரும் பார்க்கல. காணாமப் போனதும் காலைலேர்ந்து எல்லாரும் அதை மட்டும்தான் கேக்கறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும், அந்த அம்மா வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுடலாம்னு இருந்தேன். மழை மேகம்னு நீ சொன்னியாமே. ஒரு வருஷத்துல என்கிட்ட ஒரு தடவை சொன்னியா?"

அக்கா சொல்லியிருக்கவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

கண்காட்சிக்காரருக்குத்தான் வாய் திறந்தது. "போலீசைக் கூப்பிட்டு..."

"எதுக்கு?" என்றார் டீச்சர். "தோல் கூடத்தை விட்டுப் போகவே இல்ல. வாசல்ல நிக்கற காமிராவையெல்லாம் பாருங்க. நீங்க தலைகீழா நின்னாலும் இவ்வளவு கூட்டம் வந்திருக்குமா? காட்டுக் காவலன் எடுத்துட்டுப் போய்க் கொண்டைப் பாம்புகிட்ட ஒளிச்சு வெச்சுதுன்னு சொல்லுங்க. உங்க பேய்மேலதானே பழி, அது மானநஷ்ட வழக்கா போடப்போகுது?"

அவர் யோசித்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல் பக்கம் போகும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். வெளிநாட்டு அம்மா வந்துவிட்டார். தங்கை தோலை எடுத்துப்போய்ப் பாறைமேல், பெண்ணின் மடிக்குப் பக்கத்தில், பழைய இடத்தில் விரிக்கப் போனார்.

"இங்க குடு," என்றார் அக்கா.

வாங்கிக்கொண்டு பாறைமேல் ஏறினார். தோலை அந்தப் பெண்ணின் தோளில் போட்டார். முதுகை மூடினார். பிறகு தலைப் பகுதியை இழுத்து, தான் செய்த அந்த முகத்தை நெற்றி, கண், வாய் என்று முழுவதுமாக மூடிவிட்டார். பாறைமேல் இப்போது பெண் இல்லை. கடலுக்குக் கிளம்பிய ஒரு கடல்நாய்தான் இருந்தது.

"என்னக்கா பண்றே? முகம் தெரிய வேண்டாமா?"

"தோலைப் போட்டுக்கிட்டா முகம் தெரியாதுடி. கதை அப்படித்தான்." அக்கா தோலின் ஓரத்தை நீவிவிட்டார். "அவங்க பார்க்கட்டும். இன்னைக்கு இதை மட்டும் பார்க்கட்டும்."

வந்த அம்மாள் மணலின் ஓரத்தில் நின்றார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். குனிந்து தோலை உற்றுப் பார்த்தார். பிறகு, தொட்டுப் பார்க்கலாமா என்று சைகையால் கேட்டார். அக்கா தங்கையின் கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்.

நாங்கள் வெளியே வந்தோம். டீச்சரின் போன் அடித்தது. முன்னவர். போட்டிக்காரரின் குடோனில் ஏதோ தகராறாம், அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களாம், டீச்சர் வந்து பேசினால்தான் விடுவார்களாம். டீச்சர் போனை என்னிடம் நீட்டினார். "நீயே விளக்கிச் சொல்லு. பாதம் எந்தப் பக்கம்னு."

சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு விரலாக, இரண்டு முறை சொன்னேன். இவ்வளவு இனிப்பான பேச்சை நான் என் வாழ்க்கையில் பேசியதில்லை. ஆனாலும் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு முள் உறுத்தியது. கையைத் தூக்கினேன்.

"என்ன?"

"நான் காய்ச்சல்னு வராம இருந்தேனே, அன்னைக்கு நீங்க போன்கூடப் பண்ணலியே டீச்சர்."

டீச்சர் ஸ்கூட்டரின் பின்சீட்டைத் துடைத்து ஏறி உட்கார்ந்தார். "நேர்லயே வந்தேன். உன் தெருமுனை வரைக்கும், நடந்து. நீ வாசல்ல உட்கார்ந்து ஸ்கூட்டரைத் துடைச்சுக்கிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்துட்டு இருந்தே. காய்ச்சல் இல்லன்னு தெரிஞ்சுது, திரும்பிப் போயிட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருக்கணும்," என்றார். "வண்டியை எடு. அவனைப் போய் விடுவிக்கணும்."

வண்டியை எடுத்தேன். மேடு வந்தது. டீச்சர் இறங்கவில்லை, நானும் இறங்கச் சொல்லவில்லை. ஸ்கூட்டர் முனகிக்கொண்டே எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டது.